டாக்டர் கேட்காத கேள்வி

ஜூலை 9, புதன்

டாக்டரை இன்று அழ வைத்திருக்க வேண்டும். முடியவில்லை.

போன மாதம் அப்பா உயிரை விடப் பார்த்தபின் இன்றுதான் டாக்டர் எங்கள் சுரங்கக் குவார்ட்டர்ஸுக்கு ஒரு பை ஆப்பிளோடு வந்தார். நான் பிறந்ததிலிருந்து எங்களுக்கு அவர்தான் டாக்டர். உட்கார்ந்ததும், "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா சார்?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்பாவின் மருந்துச் சீட்டுகள் மூன்றையும் எடுத்துவந்து அவர் மடியில் வைத்தேன். "அப்பா மூணு தடவை சொன்னாருங்க அங்கிள். தூக்கம் வரலை, சாப்பிடப் பிடிக்கலைன்னு. நானும் கூட இருந்தேன். என்ன ஷிஃப்ட்னு மட்டும் கேட்டீங்க. நைட்டுன்னு அவர் சொன்னதும், 'மைன்ஸ்காரங்களுக்கு இதெல்லாம் சகஜம்'னு சத்து மாத்திரை எழுதிட்டீங்க."

"ஏய், பெரியவங்ககிட்ட என்ன பேச்சு?" என்று அம்மா அதட்டினாள்.

டாக்டரின் முகம் சுருங்கியது. எனக்கு இனித்தது. இன்னும் நிறைய வைத்திருந்தேன். அதற்குள் அவர் நாற்காலியை அப்பா பக்கம் இழுத்துப் போட்டு, மெதுவாக, "இப்பவும் சாகணும்னு தோணுதா சார்?" என்று கேட்டார்.

"ஐயோ, அதையெல்லாம் ஞாபகப்படுத்தாதீங்க" என்றாள் அம்மா.

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "தோணுதுங்க. காலையிலதான் அதிகமா."

எங்கள் யாரிடமும் அவர் இதைச் சொன்னதில்லை.

அப்பாவைத் தனியாக விடாதீர்கள் என்று எங்களிடம் சொல்லிவிட்டு, டாக்டர் நாளைக் காலை மனநல டாக்டரிடம் தானே கூட்டிப்போவதாகச் சொன்னார். சனிக்கிழமைதோறும் தன்னிடமும் வர வேண்டுமாம். நான் அவரை மன்னிக்கவில்லை. நானும் கூடப் போவேன். அவர் ஒரு வாரம் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டாலும், வெளியே காத்திருக்கும் அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி நானே கேட்பேன்.