பெண்ணாடத்து அனுசியா

5 பிப்ரவரி 2007, திங்கள்

சூளையிலிருந்து எடுத்த பீங்கான் இன்சுலேட்டர்களில் பாதி தேறாது. மெருகில் மயிர்க்கோடாக விரிசல். முதலாளி களிமண்ணைக் குறை சொல்கிறார். சூளையை ஆறுவதற்குள் திறந்தார்கள் என்பதைச் சொல்லமாட்டார். சோதனையில் கண்டதை ரிப்போர்ட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

என் மகள் கயல்விழியின் கதை பள்ளி ஆண்டு மலரில் வந்திருக்கிறது. பிளஸ் ஒன் படிக்கிற பெண். சனிக்கிழமைகளில் தமிழ் ஐயா அன்புச்செல்வன் நடத்தும் எழுத்து வகுப்புக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருப்பவர்களை விழுங்குவது போலப் பார்க்கிறாள். எனக்குத்தான் கூச்சம்.

படித்தேன். கருவேப்பிலங்குறிச்சி பழமலை மகன் கொளஞ்சியப்பன், பீங்கான் கம்பெனியில் வேலை, ஞாயிறுதோறும் மனைவிக்குத் தெரியாமல் பெண்ணாடம் போகிறான். அங்கே சர்க்கரை ஆலை வாசலில் இட்லி விற்கும் அனுசியா. கதை சாதாரணம். ஆனால் அந்த அனுசியா வருகிற இடங்களில் இட்லிப் பானையின் ஆவி என் முகத்தில் அடித்தது.

"பத்தி பிரித்தது சரியில்லை" என்று மட்டும் சொன்னேன். முகம் வாடிவிட்டது. சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

9 பிப்ரவரி

எதிர்வீட்டு அம்மாள்: "உங்க பொண்ணுக்கு இதெல்லாம் எப்பிடிங்க தெரியும்?" கதவைச் சாத்தினேன்.

13 பிப்ரவரி, செவ்வாய்

சோதனைக்கூட வாசலில் ஒரு ஆள் வந்து நின்றார். தலை முழுக்க வெள்ளைத் தூசி.

"கயல்விழின்றது உங்க பொண்ணுங்களா மேடம்?"

"ஆமாம்."

"எம்பேரு கொளஞ்சியப்பன்ங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது.

"கருவேப்பிலங்குறிச்சி. அப்பா பேரு பழமலை. பக்கத்துக் கம்பெனில சூளைல சரக்கு ஏத்துறன்."

சிரிப்பு போய்விட்டது.

இவர் மனைவி தங்கம்மாளின் அண்ணன் மகள் பிரபா, கயலின் பள்ளியில்தான் படிக்கிறாளாம். மலரை வீட்டில் உரக்கப் படித்திருக்கிறாள். "நானும் கேட்டுக்கிட்டுதான் இருந்தன். நல்லாத்தான் இருந்துச்சு. பெண்ணாடம்னு வந்ததும் வூட்டுல எழுந்திரிச்சிட்டாங்க."

"ஏன்?"

"ஞாயித்துக்கெழமையானா நானும் பெண்ணாடம் போறவன்ங்க."

"எதற்கு?"

தரையைப் பார்த்தார். "போறதுதாங்க."

அது வெறும் கதை என்று வீட்டில் சொல்லலாமே என்றேன். "சொன்னன்ங்க. கதைன்னா எங்கப்பன் பேரு எப்பிடி வந்துச்சுன்றா."

கயலைக் கேட்டேன். "சும்மா வச்ச பேரும்மா! அப்பா பேரு, ஊரு எல்லாம் போட்டா நம்புவாங்கன்னு போட்டேன்." விருத்தாசலம் கடைவீதியில் நின்று கொளஞ்சியப்பா என்று கூப்பிட்டால் எத்தனை பேர் திரும்புவார்கள் என்று யோசித்திருக்க வேண்டாமா? அவளுக்கு உள்ளூரப் பெருமை. தான் செய்த ஆள் நடந்து வந்துவிட்டானாம்.

16 பிப்ரவரி, வெள்ளி

அவர் மறுபடி வந்தார். தங்கம்மாள் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டிவிட்டாளாம். இந்தப் பக்கத்தில் போலீசுக்குப் போகாதவர்கள்கூட அங்கே போவார்கள். தனக்கு யார் என்ன தீங்கு செய்தார் என்று தாளில் எழுதிக் கட்டிவிட்டு வந்தால் சாமி விசாரிக்கும் என்று நம்பிக்கை.

"உங்கள் மேலா?"

"என் மேல கட்டுவாளா? பெண்ணாடம் அனுசியா மேலங்க."

இல்லாத ஒருத்தி மேல் பிராது! மத்தியானம் முழுக்க நினைத்து நினைத்துச் சிரித்தேன். சாமி பாவம், தெருத் தெருவாகத் தேட வேண்டும். கயலிடமும் வேடிக்கையாகத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"அடையாளம் எழுதியிருப்பாங்களாம்மா?"

"உன் கதையில் இருக்கிறதுதானே அடையாளம்?"

"அம்மா... அந்த அடையாளத்துல ஒருத்தவங்க இருக்காங்க."

பெண்ணாடத்தில் அத்தை வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது ஆலை வாசலில் பஸ்ஸுக்கு நிற்போமே, அங்கே. எதிர்த்த இட்லிக்கடை. புருவத் தழும்பு, புறங்கையால் வாயை மறைத்துச் சிரிப்பது, எல்லாம் அந்த அம்மாளுடையது. பெயர் தெரியாததால் பெயர் வைத்திருக்கிறாள். தொடர்புக்கு ஒரு ஆண் வேண்டுமே என்று ஒரு கொளஞ்சியப்பனையும் சேர்த்து வைத்திருக்கிறாள்.

17 பிப்ரவரி, சனி

சேலத்துக்கு, கயலின் அப்பாவுக்கு, போன் செய்தேன். "மொதல்ல எழுதறத நிறுத்தச் சொல்லு" என்றார். அங்கே பேங்கில் உட்கார்ந்துகொண்டு சொல்வது சுலபம்.

அன்புச்செல்வன் ஐயாவைக் கேட்டேன். "யாவும் கற்பனைன்னு கடைசியில போட்டிருக்கோமேம்மா." கடைசி வரியை யார் படிக்கிறார்கள்?

சாயங்காலம் கொளஞ்சியப்பன் டெலிபோன் பூத்திலிருந்து பேசினார். தங்கம்மாளின் அண்ணன்கள் நாளைக்குப் பெண்ணாடம் கிளம்புகிறார்களாம். "மலரையும் எடுத்துக்கிட்டுப் போறாங்க மேடம். ஆள் அடையாளம் பாக்க."

நாங்கள் முந்திப் போக வேண்டும். போய்? 'உங்களைப் பார்த்துத்தான் எழுதினாள், உங்களுக்கு ஒரு தொடர்பையும் கட்டிவிட்டாள்' என்றா? ஒரு பாவமும் அறியாத பொம்பளை. கடையை அடித்து நொறுக்கினால் யார் பொறுப்பு?

18 பிப்ரவரி, ஞாயிறு

முதல் பஸ். கடையில் கூட்டம். பார்த்ததும் தெரிந்தது. கதையைப் படித்த யாருக்கும் தெரியும். இடது புருவத்தைக் குறுக்கே வெட்டின தழும்பு. உண்மையான பெயர் பார்வதி.

நான் பேச வாயெடுப்பதற்குள் கயலே சொல்லிவிட்டாள், ஒன்று விடாமல். பார்வதி மாவு ஊற்றுவதை நிறுத்தாமல் கேட்டாள்.

"எத்தினி பேர எங்கூட சேத்து வச்ச?"

"ஒருத்தர்தாங்க."

"சம்பாரிக்கிறவனா?"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். கயல் அழுதுவிட்டாள். அப்புறம்தான் பார்வதிக்கு உறைத்தது. "ஏங்க, நெசமாவே ஆளுங்க வராங்களா? எம்புள்ளைங்க வூட்ல தனியா இருக்குதுங்க." கடையை மூடச் சொன்னேன். பானை அடுப்பில் இருந்தது. இறக்குவதற்குள் வந்துவிட்டார்கள். அண்ணன்கள் இரண்டு பேர், தங்கம்மாள், பின்னால் தலையைக் குனிந்தபடி கொளஞ்சியப்பன்.

மூத்தவர் மலரைப் பிரித்து ஒரு வரி படிப்பார், நிமிர்ந்து முகத்தைப் பார்ப்பார். மறுபடி ஒரு வரி. அந்த வரிகளை நான் எவ்வளவு ரசித்தேன்!

தங்கம்மாள் நேரே போய் நின்றாள். "சிரி."

பார்வதி கரண்டியை இறுகப் பிடித்தாள்.

"சிரிடீ! சிரிச்சிக் காட்டு!"

இளையவர் பெஞ்சை எட்டி உதைத்தார். சட்னிப் பாத்திரம் கவிழ்ந்தது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். கயல்தான் ஓடிப்போய் நடுவில் நின்றாள்.

"நான் எழுதினதுங்க. எல்லாம் பொய். இவங்க பேருகூட எனக்குத் தெரியாது."

"நீ சின்னப் பொண்ணு" என்றாள் தங்கம்மாள். "எவனோ சொல்லிக் குடுத்திருக்கான். சொல்லாம இம்மாம் எப்பிடித் தெரியும்?"

"பாத்தாத் தெரியும். உங்களயும் தெரியும். ரவிக்கைல கொக்கி இல்ல, ஊக்கு குத்தியிருக்கீங்க. வலது கால் விரல் வீங்கியிருக்குது, மெட்டியக் கழட்டிட்டீங்க. அழுதுட்டு மூஞ்சி கழுவியிருக்கீங்க, காதோரம் மஞ்சள் அப்பிடியே நிக்குது. இதயெல்லாம் எனக்கு யாரு சொன்னாங்க?"

தங்கம்மாளின் கை காதுக்குப் போனது. பிறகு அவள் புருஷனிடம் திரும்பினாள்.

"அப்ப நீ எங்கதான்யா போற?"

"...எங்கண்ணன் வூட்டுக்கு."

நடராசன். வயல் வரப்புத் தகராறில் தங்கம்மாளின் அண்ணன்களோடு வெட்டுக்குத்து வரை போனவராம். அதிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. ஊரை விட்டு வந்து இங்கே இருக்கிறார். மூத்த அண்ணன் முகம் கறுத்துவிட்டது.

"அந்த வூட்டுக்கா போற? அதுக்கு நீ இவளையே வச்சிருந்திருக்கலாம்."

"யோவ்!" என்று கரண்டியை ஓங்கினாள் பார்வதி.

ஆளுக்கொரு பக்கமாகப் போனார்கள். சட்னியை நானும் கயலும் வழித்துக் கழுவிவிட்டோம். கிளம்பும்போது பார்வதி கயலிடம் சொன்னாள்: "பேர மாத்துன இல்ல, புருவத்தயும் மாத்தியிருக்கலாமில்ல?"



24 பிப்ரவரி

கயல் வகுப்புக்குப் போகவில்லை.

2 மார்ச், வெள்ளி

பஸ்ஸில் மடியைப் பார்த்துக்கொண்டே வருகிறாள். யாரையும் முறைக்காதே என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். இப்போது முறைப்பதில்லை. எனக்கு ஏன் பிடிக்கவில்லை?

11 மார்ச், ஞாயிறு

தங்கம்மாள் வீட்டுக்கே வந்துவிட்டாள். சண்டைக்கு என்று நினைத்து வாசலிலேயே நிறுத்தினேன்.

"பாப்பா இருக்குதாம்மா? ஒரு பிராது எழுதணும்."

யார் மேல்? நடராசன் மேல். தன் புருஷனை மயக்கி இழுக்கிறாராம். "அந்தப் பொம்பள மேல கட்டுனத வாபஸ் வாங்கிட்டன். நான் எழுதுனா சாமிக்கு ஆளு புரியல. பாப்பா எழுதுனா அச்சா வரும். எங்கண்ணனுங்க அதப் படிச்சிட்டு நேரா கடை வாசல்ல போயி நின்னானுங்களே!"

வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் கயல் தாளும் பேனாவுமாக வந்து உட்கார்ந்தாள். பட்டது போதாதா? உள்ளே போகச் சொல்லிக் கண்ணைக் காட்டினேன். பார்க்கவே இல்லை.

"எப்பிடி இருப்பாரு?"

"தடியன். மீசைய முறுக்கிக்கிட்டு நிப்பான்."

"இப்பவா?"

"வரப்புல சண்ட நடந்தப்ப."

"அது எப்ப?"

"எம்பையன் கைக்கொழந்த."

"பையன் இப்ப என்ன பண்றான்?"

"எட்டாவது படிக்கிறான்."

கயல் பேனாவை மூடினாள். "அப்பறம் பாக்கவே இல்லியா? பாக்காத ஆள நான் எப்பிடிங்க எழுதுறது? நீங்க பாத்துட்டு வந்து சொல்லுங்க, எழுதித் தரேன்."

"அவன் வூட்டுப் படிய நான் மிதிக்கிறதா?"

"வெளில நின்னு பாருங்க."

"நல்லாப் படிக்க வச்சீங்க பொண்ண" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

இவள் தப்பித்துக்கொண்டாளா, இல்லை நிஜமாகவே எழுதித் தருவாளா? கேட்கவில்லை. பயமாக இருக்கிறது. அண்ணன்கள் மறுபடி கிளம்பினால்?

19 மார்ச், திங்கள்

டீக்கடையில் கொளஞ்சியப்பன். நேற்று அவரும் தங்கம்மாளுமாக நடராசன் வீட்டுக்குப் போனார்களாம்.

"வெளிலதான் நிப்பன்னா. நின்னா. கதவு தொறந்துதான் இருந்துச்சு. அண்ணனுக்குக் கை காலு வராதுங்க, படுத்த படுக்க. ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தா."

"ஏதாவது சொன்னாளா?"

"'சவரம் யாரு பண்ணிவுடுறது?'ன்னா. நான்தான், வாரா வாரம்னேன். 'கழுத்துகிட்ட வுட்டுட்டியே'ன்னு செருப்பக் கழட்டிட்டு உள்ள வந்துட்டா."

டீயை முழுக்கக் குடிக்காமலே சூளைக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து கயலிடம் சொன்னேன். பிராது எழுத இனி வரமாட்டாள் என்றும் சொன்னேன். அவள் பாடப் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"கழுத்துல எந்தப் பக்கம்மா விட்டிருந்தாரு?"

"அதைக் கேட்கவில்லையே."

"என்னம்மா நீ!"

நாளைக்குக் கேட்க வேண்டும்.