முப்பத்தெட்டு வீட்டு விலாசம்

உன் பதின்மூன்றாம் நாள் சாப்பாடு முடிந்து கிளம்பும்போது உன் தங்கை ஒரு பிளாஸ்டிக் கவரை என் கையில் திணித்தாள். "அக்கா பீரோல இருந்தது. மேல உங்க பேரு எழுதியிருக்கு, எடுத்துண்டு போங்கோ" என்றாள். வீட்டுக்கு வந்து பிரித்தால் குப்பென்று அந்துருண்டை வாசனை. உள்ளே ஜெராக்ஸ் தாள்கள், ஒன்றோடொன்று ஒட்டி, ஓரமெல்லாம் பழுத்து. படங்களுக்குப் பக்கத்தில் பென்சிலில் உன் தமிழ். மூன்று நாளாகச் சாப்பாட்டு மேஜை மேலேயே கிடக்கிறது. மருமகள் இரண்டு தடவை "குப்பையில போட்டுடட்டா அத்தை?" என்று கேட்டுவிட்டாள்.

நீ இருந்தபோது மந்தைவெளிக்கும் அடையாறுக்கும் நடுவில் ஒரு பஸ் தூரம்தான். வந்து பேசியிருக்கலாம். அப்போதெல்லாம் வராமல், இப்போது உட்கார்ந்து கடிதம் எழுதுகிறேன். என் சாமர்த்தியம் என்றைக்கும் இவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. வடக்கே கலவரம் என்று பேப்பரில் தினமும் வந்துகொண்டிருந்த நாட்கள். சாந்தோமுக்கும் மயிலாப்பூருக்கும் நடுவில் இருந்த நம் பெண்கள் பள்ளிக்கூடத்தில் நீ இங்கிலீஷ், நான் கணக்கு. ஒன்பதாம் வகுப்புக்கு நான்தான் வகுப்பாசிரியை. அமெரிக்காவிலிருந்து வந்த உன் அண்ணா ஒரு படக்கதைப் புத்தகம் கொண்டுவந்து கொடுத்திருந்தார். போர்க்காலத்தில் பிடிபடாமல் உயிர் பிழைத்த ஒரு யூதப் பெண்மணி தன் கதையைச் சொல்ல, அவள் மகள் அதைக் கட்டம் கட்டமாக வரைந்திருந்தாள். நீ அதைக் குளத்தங்கரை ஜெராக்ஸ் கடையில் பிரதி எடுத்து, நம் பெண்களுக்குப் புரியவேண்டுமே என்று பக்கம் பக்கமாகத் தமிழ் எழுதினாய். "பாடத்திட்டத்துல இது எங்கடி இருக்கு?" என்று கேட்டேன். "இல்லை. அதனாலதான் நான் எழுதிண்டிருக்கேன்" என்றாய்.

அதே வாரம்தான் என்னைக் கரஸ்பாண்டென்ட் கூப்பிட்டார். பள்ளியில் படிக்கும் முஸ்லிம் பிள்ளைகளின் பெயர், அப்பா பெயர், வீட்டு விலாசம், எல்லா வகுப்பும் சேர்த்து ஒரு லிஸ்ட் வேண்டும் என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. இதை நீ நம்பத்தான் வேண்டும், எனக்குச் சந்தேகமே வரவில்லை. நம் ஊரில் லிஸ்ட் என்றால் ஏதோ கொடுக்கப் போகிறார்கள் என்றுதானே அர்த்தம். நோட்டுப் புத்தகம், பஸ் பாஸ், உதவித்தொகை என்று எத்தனை லிஸ்ட் எழுதியிருப்போம். பிள்ளைகளுக்கும் அப்படித்தான். மதிய இடைவேளையில் என் மேஜையைச் சுற்றி ஒரே கூட்டம். "மிஸ், என் தங்கச்சி நாலாவது பி, அவ பேரும் எழுதுங்க" என்று தையற்காரர் மகள் பர்வீன் இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினாள். குப்பத்துச் செல்விக்குப் பொறுக்கவில்லை. "எங்க பேரையும் எழுது மிஸ். நாங்க இன்னா பாவம் பண்ணோம், எப்பப் பாத்தாலும் அவங்களுக்குத்தானா?" என்று மூக்கை உறிஞ்சினாள். பர்வீனின் அம்மா மறுநாள் தானே வந்து, கதவு எண் மாறிப்போச்சு, சந்துல பச்சைக் கதவுன்னு போடுங்க என்று திருத்திவிட்டுப் போனார். முப்பத்தெட்டு வீடு. தெரு, சந்து, அடையாளம் எல்லாம் தெளிவாக எழுதி, பிழை பார்த்து, திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். "பிரமாதம்மா" என்றார் கரஸ்பாண்டென்ட். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

வியாழக்கிழமை ஒன்பதாம் வகுப்பில் உன் பாடம். நான் பின்பெஞ்சில் உட்கார்ந்து கணக்குத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். படக்கதை என்றதும் பெண்களுக்கு ஒரே குஷி. முதல் பக்கத்தில் அந்த வீட்டுத் தாத்தாவின் தொப்பியைப் பார்த்து அடக்கமாட்டாமல் சிரித்தார்கள். நீ அதட்டவில்லை. "சிரிங்கோ. வர வரைக்கும் சிரிக்கலாம்" என்றாய். அந்தக் குரல் எனக்கு என்னவோபோல் இருந்தது, தலையைத் தூக்கிப் பார்த்தேன். ஜன்னல் வழியாகக் கடல் காற்று வந்து தாள்களை அடித்துக்கொண்டிருந்தது. பக்கம் போகப் போக வகுப்பு அடங்கியது. கடை, பள்ளிக்கூடம், பூங்கா என்று ஒவ்வொன்றாக அந்தக் குடும்பத்துக்கு மூடிக்கொண்டே வந்தது.

பிறகு அந்தப் பக்கம் வந்தது. ஒரு ஆபீஸ் வாசலில் நீளமான வரிசை. கோட்டு போட்டவர்கள், குழந்தையை இடுப்பில் வைத்தவர்கள். மேஜைக்குப் பின்னால் ஒரு பெண் குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறாள். பெயர் கொடுத்தால் ரொட்டி அட்டை கிடைக்கும் என்று சொல்லியிருந்தார்களாம். செல்விதான் கேட்டாள். "அவங்க வூடு எதுன்னு புடிக்க வந்தவனுங்களுக்கு யாரு மிஸ் காட்டுனது?"

"அவாளேதான். க்யூல நின்னு எழுதிக் கொடுத்தா" என்றாய் நீ.

பர்வீன் கையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். "நாங்ககூட கொடுத்தோம் மிஸ். போன வாரம், விமலா மிஸ்கிட்ட." வகுப்பு கலகலவென்று சிரித்தது. பர்வீனும் சிரித்தாள். நீ சிரிக்கவில்லை. அத்தனை தலைக்கும் மேலே என்னைப் பார்த்தாய்.

மணி அடித்ததும் நேராக என்னிடம் வந்தாய். "யாருக்குடி அந்த லிஸ்ட்?"

"கரஸ்பாண்டென்ட் கேட்டார்."

"அவர் யாருக்குக் கேட்டார்?"

எனக்குத் தெரியவில்லை. நீ அவர் அறைக்குள் போனாய். நான் வராந்தாவில் தூணோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். உள்ளே நடந்தது ஒரு வார்த்தை விடாமல் காதில் விழுந்தது. "பாதுகாப்புக்குத்தாம்மா. ஏதாவது ஒண்ணுன்னா யார் வீடு எங்கன்னு தெரியணும் இல்லையா" என்றார். யாருக்குத் தெரியணும் என்று கேட்டாய். "நம்ம ஏரியாப் பெரியவங்க நாலு பேர். நல்ல மனுஷங்க" என்றார். பெயர் சொல்ல மாட்டேன் என்றார். திருப்பி வாங்கித் தாருங்கள் என்று நீ கேட்டதற்கு அவர் சிரித்தது இன்னும் எனக்குக் கேட்கிறது. "வாங்கி என்னம்மா பண்ண? படிச்சிருப்பாங்களே."

வெளியே வந்து, "ரஃப் நோட்டுல அந்த விலாசமெல்லாம் இருக்கா?" என்றாய். இருந்தது. "எடு. ஒவ்வொரு ஆத்துக்கும் போய்ச் சொல்லிடணும். உங்க விலாசம் வெளியில போயிருக்கு, ஜாக்கிரதையா இருங்கோன்னு. வா."

எனக்கு வேலை நிரந்தரமாகாத காலம். வீட்டில் கைக்குழந்தை. இதெல்லாம் காரணம்தான், பொய் இல்லை. ஆனால் உன்னிடம் நான் சொன்னது தலைவலி. நீ "சரி, நீ ஆத்துக்குப் போய்ப் படு" என்று நோட்டை வாங்கிக்கொண்டு போனாய். நான்கு சாயங்காலம் தனியாக அந்தச் சந்துகளில் சுற்றினாய். நான் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு குழந்தையைத் தூங்கவைத்தேன்.

அடுத்த வாரம் பர்வீன் என்னிடம் சாதாரணமாகச் சொன்னாள், வீட்டுக்கு ஒருத்தன் வந்தானாம். கொசு மருந்து ஆபீஸ் என்றானாம். கையில் மருந்தும் இல்லை, பையும் இல்லை. வீட்டில் ஆம்பிளை எத்தனை பேர், எத்தனை மணிக்கு வருவார்கள் என்று கேட்டுவிட்டுப் போனானாம். வேறு இரண்டு வீட்டிலும் அவன் கேட்டிருந்தான். அதற்கப்புறம் வாசலில் வண்டி நிற்கும் சத்தம் கேட்டால் எனக்கே தூக்கிவாரிப் போடும், அந்த வீடுகளில் எப்படி இருந்திருக்கும். ஒன்றும் நடக்கவில்லை. நடக்கவில்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். முழுப் பரீட்சைக்கு முன்பே நான்கு பிள்ளைகள் டி.சி. வாங்கிக்கொண்டு போனார்கள். எந்த ஊருக்கு என்று கேட்டால் சொல்லவில்லை.

அந்த மாதமே தாய்மார்கள் சிலர் ஆபீஸுக்கு வந்து, நீ அவர்கள் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கக்கூடாது என்றார்கள். பயங்கரப் படம் காட்டிப் பிள்ளைகளை மிரட்டியதாகப் புகார் என்று ஸ்டாஃப் ரூமில் கரஸ்பாண்டென்ட் சொன்னார். உன்னை வேலையைவிட்டு அனுப்ப அவருக்கு அது போதுமாக இருந்தது. நானும் நம்பினேன். நம்பினால் எனக்கும் வசதி. பள்ளிக்கூடக் கேட் அருகில் உன்னை மறித்து, "படத்தாலயா இப்படி?" என்று கேட்டேன். "ஆமாம்னு வெச்சுக்கோயேன்" என்று சொல்லிவிட்டு ரோட்டைத் தாண்டிப் போனாய். என் வேலை அடுத்த ஜூனில் நிரந்தரமாயிற்று. ரம்ஜான் மாதத்தில் பர்வீன் வீட்டிலிருந்து வருஷம் தவறாமல் எனக்குத் தூக்கு நிறைய நோன்புக் கஞ்சி வரும். கூச்சமே இல்லாமல் குடித்தேன்.

உன் பதின்மூன்றாம் நாளன்று உன் வீட்டு வாசலில், எதிர்ச்சாரியில், ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். நாற்பதைத் தாண்டியவள். நான்தான் முதலில் அடையாளம் கண்டேன். பர்வீன். பேப்பரில் பார்த்தாளாம். உள்ளே வாயேன் என்றேன். தலையை ஆட்டிவிட்டாள்.

"அன்னைக்கு இங்கிலீஷ் மிஸ் எங்க வூட்டுக்கு வந்தாங்க மிஸ்," என்றாள். "லிஸ்ட் எழுதச் சொன்னதே நான்தான், வெளி ஆளுங்ககிட்ட கொடுத்ததும் நான்தான், விமலா மிஸ்ஸுக்கு இதுல ஒண்ணுமே தெரியாது, ஜாக்கிரதையா இருங்கன்னு சொன்னாங்க. எல்லார் வூட்லயும் அதேதான் சொன்னாங்களாம். அதனாலதான் எங்கம்மாங்கல்லாம் போய் அவங்க வேணாம்னாங்க."

பாவி, என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாயா? என் வேலைக்காகவா, கைக்குழந்தைக்காகவா? இல்லை, அந்தப் பிள்ளைகள் நம்புவதற்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒருத்தியாவது மிச்சம் இருக்கட்டும் என்றா? எதுவானாலும் அந்த ஒருத்தியாக என்னை விட்டுவிட்டுப் போனது உன் தப்புக் கணக்கு.

"எங்கம்மா சாகற வரைக்கும் அவங்கள மன்னிக்கல மிஸ். நான் மன்னிச்சுட்டேன். அதைச் சொல்லத்தான் வந்தேன், ஆனா உள்ள போய் யார்கிட்டச் சொல்றது," என்று பர்வீன் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க மேல எங்களுக்கு என்னைக்குமே கோவம் கிடையாது. நீங்க என்ன பண்ணுவீங்க, உங்களுக்குத்தான் ஒண்ணுமே தெரியாதே."

தெருவில் யாரும் இல்லை. அவளுக்கு அவசரமும் இல்லை. என்னை யாரும் வேலையை விட்டு எடுக்க முடியாது, நான் ஓய்வு பெற்று ஏழு வருஷமாகிறது. கைக்குழந்தைக்கு இப்போதே காதோரம் நரைக்கிறது. வாயைத் திறந்தேன். "ஆமாம்மா" என்று வந்தது.

அந்தப் பொய்யை நீ முப்பத்தெட்டு வாசலில் சொன்னாய். முப்பத்தொன்பதாவது தடவை நான் சொன்னேன், உன் வாசலில் நின்று.