ஞாயிற்றுக்கிழமைச் சீட்டுகள்

யூன் 17, செவ்வாய். ஷாஃப்ஹவுசன், சுவிஸ்.

காலையில் ஆய்வு நிலையத்தின் கண்ணாடிக்கூடத்தில் பட்டாணிச் செடிகளைப் பதிவு செய்துகொண்டு போனபோது, ஆறு பூக்களில், கையால் மகரந்தக் கலப்புச் செய்து முடித்ததும் கட்டுகிற கலப்புச் சீட்டுகள் தொங்கின. ஞாயிற்றுக்கிழமைத் திகதி. என் கையெழுத்து. எண்களுக்குக் கீழே இரட்டைக் கோடு போடுகிறவன் அங்கே நான் ஒருவன்தான்.

ஞாயிறு முழுவதும் காய்ச்சலோடு படுத்திருந்தேன். அப்படித்தான் நினைக்கிறேன். கூடத்தைப் பூட்டுகிற திறப்பு என்னிடம்தான் இருந்தது.

பூக்களை உருப்பெருக்கியால் பார்த்தேன். கலப்புக்கு முன் சாமணத்தால் ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டிய மகரந்தப்பைகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. சூலகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. கை நடுங்கத் தொடங்கிய பிறகு இரண்டு வருடமாக நான் சாமணத்தைத் தொட்டதில்லை. இங்கேயே பிறந்து படித்த நிரோஷாதான் கலப்புகளைச் செய்கிறாள். நான் பதிவேடு எழுதுவதோடு சரி.

அவள் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள். "கை நடுங்குது எண்டு எங்களைப் பேய்க்காட்டினியளோ, அங்கிள்? என்னை விட வடிவாச் செய்திருக்கிறியள்!"

எனக்கு நினைவில்லை என்று சொன்னால், இந்தப் பருவத்தில் நான் எழுதிய எந்தப் பதிவையும் நம்ப முடியாது. அவளுடைய கலப்புகள் முழுவதையும் எறிய வேண்டிவரும். என்னையும் வீட்டில் இருக்கச் சொல்வார்கள்.

"ஓம் பிள்ளை" என்றேன்.

"அப்ப நாளைக்கு மிச்சத்தை எனக்கு முன்னால செய்து காட்டுங்கோ."

அதற்கும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

நாளை என்னால் முடியாமல் போனால் வெட்கம்தான். அதைத் தாங்கிக்கொள்ளலாம். கை நடுங்காமல் செய்து முடித்துவிட்டால், ஞாயிறு வந்து செய்தவனும் நான்தான் என்றாகிவிடும். அப்போது என்ன செய்வேன் என்று நினைக்கத்தான் பயமாக இருக்கிறது.