பெற்றோர் கூட்டத்தில் ஒரு அக்கா

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? தம்பியைப் பார்த்துத் தூக்கு.

எங்கள் நூலக மாடியில், அவனைப் போல நடக்கவோ பேசவோ முடியாத பிள்ளைகளின் பெற்றோர் மனம்விட்டுப் பேசக் கூடுகிறார்கள். நேற்று நானும் போய் உட்கார்ந்தேன்.

"உனக்கா பிள்ளை? உன்னையே இடுப்புல தூக்கிக்கலாம் போலிருக்கே!" என்று ஒரு அம்மா சிரித்தார்.

"பிள்ளை இல்லீங்க, என் தம்பி" என்றேன்.

சிரிப்பு நின்றது. "உங்க அம்மாவுக்கு அப்புறம் நீதானே பாத்துக்குவே?" என்று அவரே கேட்டார்.

தங்கள் மகளிடமே கேட்டதுபோல் எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். டீ ஆறிவிடும் என்று சாக்குச் சொல்லி எழுந்துவிட்டேன். கையில் இருந்த கோப்பை காலி.

நீ ஒருநாளும் இதைக் கேட்டதில்லை. இப்போதும் கேட்காதே அம்மா.

அடுத்த முறை போனை அவன் காதில் வைத்தால், பேசவில்லையே என்று உடனே வாங்கிவிடாதே. அவன் மூச்சு எனக்குக் கேட்கிறது.

நான் நிற்கும் நிறுத்தத்துக்கு பஸ் வந்துவிட்டது, இத்தோடு முடிக்கிறேன்.

உன் மகள்