மாநிலம் தாண்டிப் போன சம்மன்

மார்ச் 3
கிடைச்சிருச்சு, கிடைச்சிருச்சு, அண்ணனை இடிச்ச அந்த டிரைவரோட புது முகவரி கிடைச்சே கிடைச்சிருச்சு!!!

பக்கத்து மாநிலத்துக்குக் கோர்ட் அனுப்பிய சம்மன் 'வீடு மாறிவிட்டார்' என்று திரும்பி வந்ததிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. எங்கள் ரசிகர் குழுவில் கேட்டேன். நானும் அண்ணனும் எங்களுக்குப் பிடித்த பாடகிக்காக ஆரம்பித்த குழு. அந்த ஊரில் இருக்கும், நாங்கள் 'டிரம்ஸ்' என்று கூப்பிடும் குழு நண்பன், டிரைவரின் பழைய வீட்டுக்கே போய், எதிர்வீட்டில் விசாரித்துவிட்டான். "தங்கச்சி, நம்ம ஆளுங்க நினைச்சா நிலாவுலகூட வீட்டைக் கண்டுபிடிப்போம்!" ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரித்தேன்.

மார்ச் 5
வக்கீலம்மாவிடம் முகவரியைக் கொடுத்தோம். வெளிமாநிலக்காரர் நம் ரோட்டில் வண்டி ஓட்டினாலே, அவருக்குப் பதிலாக இங்குள்ள போக்குவரத்து அதிகாரி சம்மனை வாங்கலாமாம். அந்த அதிகாரியிடம் ஒன்று, டிரைவர் வீட்டுக்குப் பதிவுத் தபாலில் ஒன்று.

"அப்ப அவர் வந்தே ஆகணுமா மேடம்?"

"வரலேன்னா நமக்கு நல்லதுதாம்மா. சீக்கிரம் தீர்ப்பு வந்துடும்."

நல்லதா? ஆம்புலன்ஸில் வந்தவர் சொன்னது இன்னும் காதிலேயே இருக்கிறது: "மடியில தலையை வெச்சுக்கிட்டு அந்த டிரைவர்தான் உக்காந்திருந்தாரு. உங்க அண்ணன் ஏதோ சொல்லச் சொல்ல, தலையாட்டிக்கிட்டே இருந்தாரு." வண்டியில் ஏற்றும்போது பேச்சு நின்றுவிட்டதாம். ஆஸ்பத்திரி போவதற்குள் அண்ணன் போய்விட்டான்.

என்ன சொன்னான்? அது அந்த ஒருத்தருக்குத்தான் தெரியும். அவர் வரணும். வந்தே ஆகணும்.

மார்ச் 9
அண்ணன் பிறந்தநாள். அவன் படத்தைக் குழுவில் போட்டேன். கூடவே அந்த ஆளின் படம், பெயர், முகவரி. 'இவர் கோர்ட்டுக்கு வந்து பதில் சொல்லணும். எல்லாரும் பகிருங்க!'

பறக்குது! புதுப் பாட்டு வந்தப்பகூட இப்படிப் பறக்கல. அண்ணா, பாத்தியா நம்ம படையை!

மார்ச் 10
இன்னும் பறக்குது.

மார்ச் 12
டிரம்ஸ் கூப்பிட்டான். "தங்கச்சி, நம்ம பசங்க அவர் வீட்டு முன்னாடி கூட்டமா நின்னு கத்தியிருக்காங்க. கேட்ல கொலைகாரன்னு பெயிண்ட் அடிச்சிருக்காங்க. அவர் பொண்ணு பயந்துபோய் ஸ்கூலுக்கே போகலையாம்."

நான் அப்படிச் செய்யச் சொல்லல. சொல்லலதானே? — முகவரியைப் போட்டது யாரு?

பதிவை நீக்கிவிட்டேன். நீக்கி என்ன பிரயோஜனம், ஊரெல்லாம் நகல் இருக்கு.

மார்ச் 20
சம்மன் போய்ச் சேர்ந்தது. பதிவுத் தபால் அத்தாட்சியில் அவர் கையெழுத்து இருக்கிறது.

வக்கீலம்மா என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். "அவரோட வக்கீல் பேசினார். தப்பை ஒத்துக்கறாராம். ஆனா இந்தப் பக்கமே வரமாட்டாராம்."

"ஏன் மேடம்?"

"ஏனா? உங்க அண்ணன் உங்க அம்மாகிட்ட ஏதோ சொல்லச் சொன்னானாம். வீட்டுக்கு வந்தா அடிப்பாங்களோன்னு பயந்துகிட்டு, கோர்ட்ல வெச்சுச் சொல்லிடலாம்னு இருந்திருக்கார். இப்ப குடும்பத்தோட எங்கேயோ போயிட்டார். என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கே நீ?"

அம்மாகிட்ட எப்படிச் சொல்வேன்? எந்த வாயால?

மார்ச் 21
சொல்லிட்டேன்.

அம்மா திட்டவில்லை, அடிக்கவில்லை. "எனக்குன்னு சொல்லியனுப்பியிருக்கான்டி... எனக்குன்னு" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அடிச்சிருக்கலாம்.

ஏப்ரல் 17
அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். யாரும் வரவில்லை. எங்கள் பக்கம் தீர்ப்பு.

"ஜெயிச்சுட்டோம்மா," என்றார் வக்கீலம்மா.

அம்மா கோர்ட் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவர் வரலையேம்மா."

ஏப்ரல் 18
இன்று குழுவில் போட்டதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

'அண்ணனுக்காகக் கோபப்பட்ட எல்லாருக்கும் — போதும். அவர் படம், முகவரி யார்கிட்ட இருந்தாலும் அழிச்சிடுங்க. யாரும் அவரைத் தேடாதீங்க. எங்க அண்ணன் ரோட்டுல அநாதையா சாகல. அவர் அவனை மடியில வெச்சிருந்தாரு. தப்பு பண்ணது நான்.

ஐயா, இது உங்க கண்ணுல பட்டா, எங்க அம்மாவோட நம்பர் உங்க வக்கீல்கிட்ட இருக்கு. அண்ணன் சொன்னதை அம்மாகிட்ட மட்டும் சொல்லுங்க. எனக்குச் சொல்ல வேணாம். நீங்க பேசறப்ப நான் எழுந்து வெளியே போயிடறேன்.

அன்னைக்குப் பகிர்ந்த எல்லாரும் இதையும் பகிருங்க. ப்ளீஸ்.'