ஃபேன் காற்றுக்கு அசையாத கூடாரம்

கூடாரக் கடைக்காரர் முன்னாடி, "உனக்கென்ன தெரியும், சும்மா இரு"ன்னு சொன்ன மகராசருக்கு,

சோறு அடுப்பு மேல மூடியிருக்கு. நானும் பிள்ளைங்களும் அக்கா வீட்டுல இருக்கோம்.

ஹால்ல கூடாரத்தை விரிச்சு, ஃபேனை முழு வேகத்துல சுத்தவிட்டு, "புயலுக்கே அசையாது"ன்னு அளந்தீங்களே, அதை மொட்டை மாடியில கட்டி ஒரு வாளித் தண்ணி ஊத்திப் பார்த்தேன். துணி நல்ல துணிதான். தையல் வழியா அருவியாக் கொட்டுது. போன தடவை டூர்ல பழைய கூடாரம் ஒழுகினப்ப மாதிரி விடிய விடிய கார்ல நடுங்க எங்களால ஆகாது.

நாளைக்கே மாத்திடுங்க. தண்ணி இறங்காம தையல் மேல பட்டை ஒட்டினதாப் பார்த்து வாங்குங்க.

மாத்த மாட்டேன்னு அடம்பிடிச்சா, உங்க படுக்கை மாடியில, அந்தக் கூடாரத்துக்குள்ளதான் போட்டிருக்கேன்.

பி.கு.: வானம் கறுத்துக்கிட்டு வருது. குடையை நான் எடுத்துக்கிட்டேன்.

இருமல் மருந்து தலையணைக்கு அடியில இருக்கு.