ஒரு ஆள் இடம்

என் அப்பாவுக்கு, கொஞ்சம் கோபத்தோடும் அதைவிட நிறையப் பிரியத்தோடும்,

ஸ்டூடியோ நன்றாக நடக்கிறது. முதலில் அதைத்தான் கேட்பீர்கள் என்று தெரியும். தை முகூர்த்தங்களில் மூச்சுவிட நேரமில்லை. அஸ்தம்பட்டியில் நம் பழைய போர்டை இறக்கிவிட்டுப் புதுசு மாட்டினேன். உங்கள் பெயர் அப்படியே இருக்கிறது, அதில் கை வைக்கவில்லை. அம்மா ஞாயிறு பூசைக்கு நடந்தே போய் வருகிறாள், ஆட்டோ பிடித்தால் திட்டு விழுகிறது. நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிவிட்டது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்களை அடக்கம் செய்து பதினைந்தாம் நாள் உங்கள் பெயருக்குச் சென்னையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இந்தக் காலத்தில் யாரடா கையால் எழுதுகிறார்கள் என்று பிரித்தேன். நான்கைந்து வரிதான்.

"பேரன் காதுகுத்துப் படம் கிடைத்தது. அண்ணனுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள். இந்தப் படத்தில் என் இடத்தைக் காணோம். மூடச் சொல்லிவிட்டார்களா?"

கீழே நாச்சாயி என்று கையெழுத்து. எந்த நாச்சாயி என்று எனக்குப் புரியவில்லை. உறையின் பின்பக்கம் அச்சடித்திருந்த பெயரைப் பார்த்த பிறகுதான் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தேன். நாடறிந்த பெயர் அது. இதை நாளைக்கு நாலு பேர் படிக்கக்கூடும், அதனால் இங்கே எழுதவில்லை. அம்மாவும் நானும் முதல் நாளே ஓடிப்போய்ப் பார்த்த படங்களின் கதாநாயகி. உங்களைக் கூப்பிட்டால் மட்டும் வேலை இருக்கிறது என்பீர்கள். அப்படி என்ன வேலை அப்பா?

டார்க் ரூம் அலமாரியில், காலியான பேப்பர் டப்பாக்களுக்குள் மற்றக் கடிதங்கள் கிடைத்தன. அறுபதுக்கு மேல் இருக்கும். எதிலும் அண்ணா என்றோ ஐயா என்றோ ஓர் அழைப்பு இல்லை. நேராக விஷயம் தொடங்குகிறது. அவர் உங்களை என்னவென்று கூப்பிடுவார்? கூப்பிடவே மாட்டாரா?

படித்ததிலிருந்து நான் கோத்துக்கொண்டது இவ்வளவுதான். நாச்சாயி என்பது வீட்டில் வைத்த பெயர், சேந்தமங்கலத்துப் பெரிய பண்ணை வீட்டுப் பெண் அவர். மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்க நம் ஸ்டூடியோவில் படம் எடுத்திருக்கிறார்கள். நீங்கள் அதில் ஒரு பிரதியை, யாரையும் கேட்காமல், ஒரு சினிமாக் கம்பெனிக்கு அனுப்பியிருக்கிறீர்கள். கூப்பிட்டார்கள், பெண் போய்விட்டது. வீட்டில் தலைமுழுகிவிட்டார்கள். படத்தை அனுப்பியது யார் என்று அந்த வீட்டுக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்திருந்தால் நாற்பது வருடம் உங்களை வாசற்படி ஏறவிட்டிருப்பார்களா?

அந்த வீட்டு விசேஷம் ஒன்று விடாமல் நீங்கள்தான் எடுத்தீர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பிரிண்ட் சென்னைக்குப் போயிருக்கிறது. குரூப் போட்டோவில் அவருடைய அண்ணன் பக்கத்தில் எப்போதும் ஒரு ஆள் இடம் காலி.

அந்த இடத்தை எனக்குத் தெரியும் அப்பா. நீங்கள் நிற்க வைப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள்தானே நான். மற்ற வீடுகளில் தோளோடு தோள் ஒட்ட வைப்பீர்கள், விரல் நுழைய விடமாட்டீர்கள். அங்கே மட்டும் ஓட்டை. அந்த அண்ணன், வீட்டுப் பெரியவரே ஒருமுறை கேட்டார்.

"ஏனுங்க போட்டோக்காரரே, இங்க ஒரு ஆள் எடம் காலியாக் கெடக்குதுங்களே."

"வெளிச்சம் அப்படிங்க. படத்துல தெரியாதுங்க."

எந்த வெளிச்சமும் அப்படி இல்லை என்று எனக்குத் தெரியும். வயசாகிவிட்டது, கண் ஏமாற்றுகிறது, ஒத்துக்கொள்ள மனசில்லை என்று நினைத்துக்கொண்டேன். காதுகுத்துப் படத்துக்கும் நீங்கள் நிற்க வைத்தீர்கள், நான் எடுத்தேன். வழக்கமாக நீங்களே பிரிண்ட் போடுவீர்கள், அந்த முறை உடம்பு முடியாமல் என்னிடம் விட்டீர்கள். நான் கம்ப்யூட்டரில் பெரியவரை ஒட்டி நகர்த்தி ஓட்டையை மூடினேன். உங்கள் மானத்தைக் காப்பாற்றியதாக நினைப்பு வேறு. "பாப்பா கை வெச்சா தனி நேர்த்திங்க" என்று அவர்கள் சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

நீங்கள் அந்தப் படத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தீர்கள். பிறகு நீங்களே உறையில் போட்டு விலாசம் எழுதினீர்கள். ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை? சொன்னால் மிச்சத்தையும் சொல்ல வேண்டியிருக்கும் என்றா?

இது குற்ற உணர்ச்சியா, வேறு ஏதாவதா? ஒரு கடிதத்தில், "உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை என்று எத்தனை தடவை எழுதுவது, படம் அனுப்புவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்" என்கிறார். சரி, செய்ததற்குப் பரிகாரம் தேடியிருக்கிறார் நம் அப்பா என்று மனசு ஆறும். அடுத்த கடிதத்தில், "நீங்கள் அன்று சொன்னதை நான் மறக்கவில்லை, நீங்களும் மறக்க வேண்டாம்" என்று இருக்கிறது. என்றைக்கு, என்ன சொன்னீர்கள்? தலையைப் பிய்த்துக்கொள்ளாத குறை.

இதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கூடத்தில் மாட்டியிருக்கும் என் கல்யாணப் படத்தை நிமிர்ந்து பார்த்தேன். மாதா கோயில் படிக்கட்டில் டைமர் போட்டுவிட்டு ஓடி வந்து நின்றீர்களே, அந்தப் படம். உங்களுக்கும் அம்மாவுக்கும் நடுவில் ஒரு ஆள் இடம். அவசரத்தில் ஓடி வந்ததில் எட்டவில்லை என்று இருபது வருடமாக நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை. வேறு மாதிரி நினைக்கவும் பயமாக இருக்கிறது.

அம்மாவிடம் சொல்லாமல் எத்தனை நாள் இருப்பது? மொச்சை உரித்துக்கொண்டிருந்தவளிடம் மெதுவாக ஆரம்பித்தேன். அவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"அந்தப் பொண்ணா? தெரியும் சாமி. கல்யாணமான புதுசுலயே சொல்லிட்டாரு. அவ ஊட்டுப் படத்துல எடம் உடச் சொன்னதே நாந்தான். ஊட்டுல எடமில்லாமப் போச்சு, படத்துலயாச்சும் இருக்கட்டும்னு."

எனக்குப் போன உயிர் வந்தது. அத்தோடு எழுந்து போயிருக்கலாம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள் நான்.

"அப்ப என் கல்யாணப் படத்துலயும் அதுக்குத்தாம்மா?"

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். தினமும் அவள் தூசி தட்டும் படம் அது. புதிதாகப் பார்ப்பது மாதிரி பார்த்தாள்.

"ஓடி வந்தாரு, எட்டல" என்றாள். கொஞ்சம் கழித்து என் பக்கம் திரும்பி, "எட்டலதான?" என்று கேட்டாள்.

ஆமாம்மா என்றேன். நான் சொன்னது நிஜமா அப்பா?

இரண்டு நாள் அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. உரித்த மொச்சை அப்படியே வாடிப்போனது. எனக்கு உங்கள் மேல் வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. அவர் மேலும் கோபம் வந்தது. ஆனால் "என் இடத்தைக் காணோம்" என்ற வரியைத் திரும்பப் படிக்கும்போதெல்லாம் அழுகைதான் வருகிறது. பாவம் அந்த அம்மா. மூடச் சொன்னது தன் அண்ணன்தான் என்று இத்தனை மாதமாக நினைத்துக்கொண்டிருப்பார் இல்லையா?

போன வாரம் ஒரு வழியாகப் பதில் எழுதினேன். நீங்கள் காலமான செய்தியை எழுதினேன். "மூடியது நான்தான், தெரியாமல் செய்தேன். உங்கள் வீட்டில் யாரும் சொல்லவில்லை. அப்பா கடைசிவரை இடம் விட்டுத்தான் நிற்க வைத்தார்" என்று எழுதி, கை வைக்காத மூலப் படத்தைப் புதிதாகப் பிரிண்ட் போட்டு அனுப்பிவிட்டேன். அன்று என்ன சொன்னீர்கள் என்று அவரிடம் கேட்கத் துடித்தேன், கேட்கவில்லை.

ஈஸ்டர் அன்று பூசை முடிந்து வந்து வீட்டில் படம் எடுத்தோம். நீங்கள் இல்லாத முதல் குடும்பப் படம். ஸ்டாண்டு வைத்து எல்லாரையும் பெஞ்சில் உட்கார வைத்தேன். கேமராவில் கண்ணை வைத்துப் பார்த்தால், அம்மா ஓரமாகத் தள்ளி உட்கார்ந்திருக்கிறாள்.

"கிட்ட வாம்மா, நடுவுல ஒரு ஆள் எடம் காலியாக் கெடக்குது."

"கெடக்கட்டும். வெளிச்சம் அப்படி" என்றாள்.

டைமர் போட்டுவிட்டு ஓடிப்போய் மறுபக்கம் நின்றுகொண்டேன். அது உங்களுக்கு விட்ட இடமா, அவருக்கு விட்டதா, அம்மாவுக்கே தெரியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தப் படத்தை அப்படியே பிரேம் போட்டிருக்கிறேன். வைகாசியில் சேந்தமங்கலத்து வீட்டில் கல்யாணம், நான்தான் எடுக்கிறேன். பெரியவர் பக்கத்தில் இடம் விடுவேன். கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். எதையும் இனி மூட மாட்டேன் அப்பா.

டைமர் போட்டுவிட்டு ஓடி வந்து, அம்மா விட்ட இடத்துக்கு இந்தப் பக்கம் நிற்கும்,
உங்கள் மூத்த மகள்
ஸ்டெல்லா